எல்லா ஆல்பத்துக்கும் ஏழரை

வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடுகிறது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் புதிய ஆல்பங்கள் வெள்ளியன்றே வெளியாகின்றன என்பதால், ஆங்கில இசை ஏடுகள் வெளியிடும் விமர்சனங்களை அன்று காலையில் படித்து, உட்கார்ந்து கேட்கத் தகுந்தது எது என்று தேடுவது என் வழக்கம். வரிசையாக ஐந்தைப் படித்து முடித்தாலும் அந்த ஒரே கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ‘துணிச்சலான முயற்சி’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘கேட்கக் கேட்கத்தான் பிடிபடும்’ என்று இன்னொருவர் கழன்றுகொள்கிறார். பாடகருடைய காதல் முறிவையும் மனச்சோர்வையும் மீட்சியையும் பற்றி நான்கு பத்திகள் ஓடிய பிறகு, பாட்டைப் பற்றி முக்கால் பத்தி வருகிறது. அடியில் பத்துக்கு ஏழரை. சென்ற வாரமும் ஏழரை, வரும் வாரமும் ஏழரைதான். நம்மூர்ச் சனிகூட ஏழரை ஆண்டில் விலகிவிடும். இது விலகுவதாகத் தெரியவில்லை.

ராக் இசை விமர்சனம் எப்போதும் இப்படி வழவழ கொழகொழவென்று இருந்ததில்லை. 1970இல் பாப் டிலன் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டபோது, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அமெரிக்க இசை இதழான ‘ரோலிங் ஸ்டோன்’ இதழிலேயே கிரீல் மார்கஸ் எழுதிய விமர்சனம், ‘என்ன கண்றாவி இது?’ என்பதைவிடப் பல படி கீழிறங்கிய ஒரு வசையுடன்தான் தொடங்கியது. அந்த முதல் வரியை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குப் பின்னால், ஒவ்வொரு பாட்டாக எடுத்துக்கொண்டு, இந்த மனிதர் இதை ஏன் வெளியிட்டார் என்று பக்கம் பக்கமாக அவர் மல்லுக்கட்டியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வசை வாசலில் நிற்கிறது, உள்ளே உழைப்பு இருக்கிறது. உழைப்பே இல்லாமல் வென்றவர்களும் உண்டு. 1986இல் ‘ஜி.டி.ஆர்.’ என்ற குழுவின் ஆல்பத்துக்கு ‘மியூசிஷியன்’ இதழில் ஜே.டி. கன்சிடைன் எழுதிய விமர்சனம் மொத்தமே மூன்று எழுத்துகள்தான். குழுவின் பெயரைப் போலவே உயிரெழுத்தை நீக்கிவிட்டு அச்சிட்ட ஒரு கெட்ட வார்த்தை. படித்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சொற்களுக்கு அடி விழும் வலு இருந்தது. 1968இல் கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, அதன் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் புளூஸ் இசையின் தேய்ந்துபோன சங்கதிகளையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்று ஜான் லேண்டாவ் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதினார். அதை ஓர் உணவகத்தில் படித்து மயங்கி விழுந்ததாகக் கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிரீம் கலைந்தது. ஜாக் புரூஸும் ஜிஞ்சர் பேக்கரும் ஒருவரையொருவர் பார்க்கவே பிடிக்காமல் இருந்த குழு எப்படியும் நிலைத்திருக்காது என்பது வேறு கதை. ஆனால் இன்றைய விமர்சனம் எதையாவது படித்து எந்தக் கலைஞருக்காவது ஒரு தும்மலேனும் வந்திருக்குமா?

பிரிட்டனின் வார ஏடுகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. 1926இல் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’, 1952இல் தொடங்கிய ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, 1970இல் வந்த ‘சவுண்ட்ஸ்’ என்று மூன்று ஏடுகள் வாராவாரம் ஒன்றையொன்று முந்த முயன்ற காலம் அது. மட்டமான செய்தித்தாள்தான், படித்து முடித்தால் விரல் நுனி கறுத்துப்போகும். நெருக்கியடித்த பத்திகளில் கொட்டை கொட்டையாக அபிப்பிராயங்கள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க எழுதியவரின் பெயர். ஒருவர் ஓர் ஆல்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினால், அடுத்த வாரம் கடிதப் பக்கத்தில் வாசகர்கள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அந்தக் கடிதப் பக்கங்களில் காரசாரமாக எழுதிக்கொண்டிருந்த மான்செஸ்டர் பையன் ஒருவன்தான் பின்னாளில் ‘த ஸ்மித்ஸ்’ குழுவின் மாரிஸ்ஸி ஆனான். கிறிஸ்ஸி ஹைண்ட் ‘பிரிடெண்டர்ஸ்’ குழுவைத் தொடங்குவதற்கு முன் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் எழுதினார். ‘பெட் ஷாப் பாய்ஸ்’ குழுவின் நீல் டெனன்ட் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தார். திட்டுகிறவனுக்கும் திட்டு வாங்குகிறவனுக்கும் நடுவே சுவர் இல்லாத ஒரு தெருவாக அந்த உலகம் இருந்தது.

“அவர்கள் எத்தனையோ முறை தவறாகத் தீர்ப்புச் சொன்னார்களே” என்று உடனே ஒருவர் கிளம்பி வருவார். வரட்டும். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஜான் மெண்டல்சன் உதறித் தள்ளினார். அதற்கு அடுத்த ஆண்டு பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தை, கிரீமைப் போலவே இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம் என்று லெஸ்டர் பேங்ஸ் நக்கலடித்தார். இரண்டு ஆல்பங்களும் இன்று எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தவறான விமர்சனங்கள் எனக்குப் பயன்படுகின்றன. மெண்டல்சனுக்கு எது பிடிக்காது, பேங்ஸுக்கு எது போதும் என்று தெரிந்துகொண்ட வாசகன், “இவர் இவ்வளவு திட்டுகிறார் என்றால் எனக்குக் கட்டாயம் பிடிக்கும்” என்று கடைக்கு ஓடலாம். ஏழரை போட்டு வழுக்கிக்கொண்டு போகிறவரோடு சண்டை போடவும் முடியாது, அவருக்கு நேர்மாறாக நடக்கவும் முடியாது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதியதையும், சுப்புடுவின் பேனா பாடகர்களைப் படுத்திய பாட்டையும் அறிந்த தமிழ் வாசகனுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆங்கில விமர்சகர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் 1969இல் ‘கன்ஸ்யூமர் கைடு’ என்ற பகுதியைத் தொடங்கி, பள்ளிக்கூட வாத்தியாரைப் போல ‘ஏ பிளஸ்’ முதல் ‘ஈ மைனஸ்’ வரை ஆல்பங்களுக்குத் தரம் போட்டார். ஓர் ஆல்பத்துக்கு ஒரு பத்தி, சில சமயம் ஒரே வாக்கியம். பாதி வாக்கியங்கள் இரண்டாம் முறை படித்தால்தான் புரியும், அது தனி எரிச்சல். ஆனால் அந்த மனிதர் ஆல்பத்தை முழுவதும், பல முறை கேட்டிருக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ராக் பாடகர் லூ ரீட் 1978இல் வெளியிட்ட மேடைப் பதிவு ஒன்றில், பாட்டுக்கு நடுவே கிறிஸ்ட்காவின் பெயரைச் சொல்லியே காது கூசும்படி திட்டினார். அந்த ஆல்பத்தையும் கிறிஸ்ட்காவ் கேட்டார், ‘சி பிளஸ்’ போட்டார், தம் பெயரைச் சரியாக உச்சரித்ததற்காக ரீடுக்கு நன்றியும் தெரிவித்தார். இந்த நிதானமும் திமிரும் இன்று யாரிடம் இருக்கின்றன?

அந்தக் காலத்தில் எல்லாமே பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள். டிஸ்கோவின் மீதும் பெண் பாடகர்களின் மீதும் அவர்கள் கொட்டிய விஷம் பல இடங்களில் விமர்சனமே இல்லை. பின்னால் வந்த ‘பிட்ச்ஃபோர்க்’ என்ற இணைய ஏடு, 2004இல் பாடகர் டிராவிஸ் மாரிசனின் தனி ஆல்பத்துக்கு 0.0 போட்டு அவருடைய பிழைப்பையே ஆட்டங்காண வைத்தது; அது அநியாயம். அதே ஏடு 2006இல் ‘ஜெட்’ குழுவின் ஆல்பத்துக்கு 0.0 போட்டு, ஒரு சொல்கூட எழுதாமல், தன் சிறுநீரைத் தானே குடிக்கும் குரங்கின் காணொளியை மட்டும் வெளியிட்டது. அதுவும் அநியாயம்தான், ஆனால் சிரித்துவிட்டேன்.

இந்தக் கூர்மையை மழுக்கியவர்கள் யார் என்று கேட்டால், முதல் குற்றவாளிகள் இதழ்களின் முதலாளிகளே. ‘ரோலிங் ஸ்டோன்’ நிறுவனர்களுள் ஒருவரான ஜான் வென்னர், இசைக்கலைஞர்களை மதிக்கவில்லை என்று சொல்லி 1973இல் லெஸ்டர் பேங்ஸை விரட்டினார். பேங்ஸ் டெட்ராய்ட்டின் ‘கிரீம்’ என்ற வேறோர் இசை இதழில் தம் சிறந்த எழுத்தை எழுதினார் என்பது வென்னருக்கு நேர்ந்த தண்டனை. 1996இல், அப்போது கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த ‘ஹூட்டி அண்ட் த புளோஃபிஷ்’ குழுவின் புதிய ஆல்பத்தை ஜிம் டிரோகாட்டிஸ் குறை சொல்லி எழுதினார். அந்த விமர்சனம் அச்சேறவில்லை. வென்னர் அந்தக் குழுவின் ரசிகரா என்று வேறொரு பத்திரிகை கேட்டபோது, எண்பத்தைந்து லட்சம் பிரதிகள் விற்கும் எந்தக் குழுவுக்கும் அவர் ரசிகர்தான் என்ற பொருளில் டிரோகாட்டிஸ் பதில் சொன்னார், வேலை போயிற்று. 2001இல் வென்னர் தம் நண்பர் மிக் ஜாகரின் தனி ஆல்பத்துக்குத் தாமே விமர்சனம் எழுதித் தாமே ஐந்து நட்சத்திரமும் போட்டுக்கொண்டார். அந்த ஆல்பத்தில் உங்களுக்கு எத்தனை பாட்டு நினைவிருக்கிறது? எனக்கும் அப்படித்தான்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கேவலம். ஒயாசிஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1995இல் பலர் சுமார் என்று எழுதினார்கள். அது ஊரையே அள்ளிக்கொண்டு போனது. அந்த அவமானத்தை மறக்க முடியாமல், 1997 ஆகஸ்டில் ‘பீ ஹியர் நவ்’ வந்தபோது எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தார்கள். ‘க்யூ’ இதழ் ஐந்து நட்சத்திரம் வழங்கியது. நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டுகள் ஏழு, எட்டு நிமிடங்களுக்கு இழுக்கின்றன, கிட்டாரின் மேல் கிட்டார் அடுக்கி ஒன்றும் காதில் விழவில்லை என்பதை நேரே சொல்லும் துணிவு அப்போது மிகச் சிலருக்கே இருந்தது. கொஞ்ச காலத்தில் அந்தக் குறுந்தட்டு பழைய தட்டுக் கடைகளில் குவிந்தது. கூட்டத்துக்குப் பயந்து எழுதும் வழக்கம் எனக்குத் தெரிந்து அங்கேதான் ஊன்றிக்கொண்டது.

இப்போது அந்தக் கூட்டம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. 1976இல் லண்டனின் 100 கிளப்பில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவில் அப்போது இன்னும் சேராத சிட் விஷியஸ், ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ எழுத்தாளர் நிக் கெண்டை சைக்கிள் சங்கிலியால் அடித்தார். கெண்ட் அதன் பிறகும் தம் பெயரில்தான் எழுதினார். 2024இல் டெய்லர் ஸ்விஃப்டின் புதிய ஆல்பத்தைக் கடுமையாக விமர்சித்த ‘பேஸ்ட்’ இதழ், எழுதியவரின் பெயரையே வெளியிடவில்லை. 2019இல் ஸ்விஃப்டின் முந்தைய ஆல்பம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதியவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததைக் காரணமாகச் சொன்னது. அந்த எழுத்தாளரை நான் குறை சொல்லமாட்டேன். சொற்பச் சன்மானத்துக்கு எழுதும் ஒருவர், ஒரு பாட்டு சரியில்லை என்று சொன்னதற்காக வீட்டு முகவரி அம்பலமாகுமோ என்று நடுங்க வேண்டியிருக்கும் நிலையை உண்டாக்கிய ரசிகச் சிகாமணிகளைத்தான் நிற்க வைத்துக் கேட்க வேண்டும்: கோடிகளில் புரளும் ஒரு நட்சத்திரத்துக்கு உங்கள் காவல் எதற்கு?

“காசு கொடுத்துத் தட்டு வாங்கிய காலத்தில் விமர்சனம் தேவைப்பட்டது, இப்போதுதான் எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, நீயே கேட்டுப் பார்த்துக்கொள்” என்ற அறிவுரையைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அன்று மாதத்துக்கு ஒரு தட்டு வாங்கியவன் ஏமாந்தால் பணம் போனது. இன்று கணக்கில்லாமல் கொட்டும் ஆல்பங்களுக்கு நடுவே என் மாலைப் பொழுதுகள் போகின்றன. அடுத்து எதைக் கேட்கலாம் என்று அல்காரிதம் நீட்டும் பட்டியலில், நேற்றுக் கேட்டதைப் போன்றதே இன்றும் வருகிறது. அதனிடம் “இது குப்பை, விட்டுவிடு” என்று சொல்லும் வாய் இல்லை.

ஏடுகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ‘சவுண்ட்ஸ்’ 1991இல் நின்றது. ‘மெலடி மேக்கர்’ 2000இல் போட்டியாளரான ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஏட்டுடனேயே இணைக்கப்பட்டது. அந்தப் போட்டியாளர் 2015இல் இலவசத் தாளாக மாறி, 2018இல் வார அச்சை நிறுத்தியது. ‘க்யூ’ 2020இல் மூடப்பட்டது. குரங்குக் காணொளி போட்ட ‘பிட்ச்ஃபோர்க்’ 2015இல் காண்டே நாஸ்ட் என்ற பெரிய இதழ் நிறுவனத்தின் கைக்குப் போய், 2024 ஜனவரியில் ‘ஜி.க்யூ.’ என்ற ஆண்கள் இதழின் கீழே செருகப்பட்டது. கோட்டும் கடிகாரமும் விற்கும் இதழின் நிழலில் இருந்துகொண்டு, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அட்டைப்படத்துக்கு நிற்கும் பாடகரின் ஆல்பத்தை ஒருவர் எவ்வளவு தூரம் திட்ட முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

‘வில்லேஜ் வாய்ஸ்’ 2006இல் கிறிஸ்ட்காவையும் வேலையை விட்டு அனுப்பியது. 1942இல் பிறந்த மனிதர் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வோர் இடமாக மாறி, 2019 முதல் சந்தாதாரர்களுக்கு நேரடியாக அதே பகுதியை எழுதத் தொடங்கினார். எண்பதைக் கடந்த கிழவர் இன்னும் ஒரு பத்தியில் ஒரு ஆல்பத்தின் கதையை முடித்து, அடியில் தரம் போட்டு, மேலே தம் பெயரையும் போடுகிறார். அவருடைய பேரப்பிள்ளை வயதில் இருப்பவர்கள் ஆறரை போடலாமா ஏழரை போடலாமா என்று கை நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.