நாடகம் படிக்க வந்தவர்கள் முதலில் ஏணியில் ஏறட்டும்

நாடகத் துறையில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள்: "நடிக்கத்தானே வந்தேன், என்னை எதற்கு விளக்குக்குப் போட்டார்கள்?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அந்த வலி எனக்குத் தெரியும். முதல் தயாரிப்பில் எனக்கும் ஒரு வசனம்கூட இல்லை. விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "அவன் மூக்கைப் பார்" என்றார் ஆசிரியர். மேடையில் நின்ற நண்பனின் மூக்கு நிழல் உதட்டின்மேல் விழுந்து, வாய் அசைவதே தெரியவில்லை. விளக்கு தலைக்கு மேலே செங்குத்தாக இருந்தது. முன்னால் இருந்த கம்பிக்கு மாற்றிச் சாய்வாக அடித்தோம். முகம் வந்தது. அவன் பேசியதும் அதன் பிறகுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் புத்தகமாக எழுதிய முறையும் இதைப் பற்றியதுதான்: முகத்துக்கு இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு, ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையை அளந்து, தூண் நிழல் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. மாதவி ஆடுவதற்கு முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாக வருகிறது. முதன்முறை படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

துறைகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. நடித்தவருக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்றவருக்குக் கிள்ளிக் கொடுத்தால், பிள்ளைகள் அதைத் தண்டனை என்றுதானே நினைப்பார்கள்?

அப்புறம் அந்த மேடையேற்ற இரவு. நண்பன் அரை அடி தள்ளி நின்றுவிட்டான், முகத்தில் பாதி இருட்டு. அவனுக்குப் பக்கத்து விளக்கை மெல்ல ஏற்றினேன். கன்னத்தில் சூடு பட்டதும், வசனத்தை விடாமல், வெளிச்சத்துக்குள் நகர்ந்தான். அடுத்த வருஷம் பாத்திரம் கிடைத்தபோது நானும் கன்னத்தால்தான் என் இடத்தைத் தேடினேன். இப்போதைய எல்இடி விளக்குகளில் அந்தச் சூடு இல்லை. அதனால் அந்த மாணவியிடம், ஒத்திகையில் ஆள் நிற்கும் இடத்தில் தானே ஒருமுறை போய் நின்று, விளக்கை நேராகப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.