நல்லெண்ணெய் வேறு, வறுத்த எள்ளெண்ணெய் வேறு

கனடாவில் இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் "வரேக்க ரெண்டு சலட் சோஸ் போத்தல் கொண்டு வாங்கோ" என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். "உது என்ன பெரிய விசயம், எங்கட சம்பலைத்தான் அவங்கள் தண்ணியா அரைச்சு வச்சிருக்கிறாங்கள்" என்று கதையை முடிக்கிறவர்கள் மறுபக்கம். இந்த இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அக்காவின் மகள் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். இந்த முறை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் கொடி ஏறினால் 25 நாளும் மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒன்றும் கிடையாது. முதல் இரண்டு நாள் வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு எல்லாம் ஆசையாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

"சித்தி, நீங்கள் சலட் செய்வீங்களா? எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு ஜப்பான் கடை இருக்கு. அங்க ஒரேஞ் கலர்ல ஒரு ட்ரெஸ்ஸிங் ஊத்தித் தருவினம்."

போனைத் திறந்து செய்முறையையும் காட்டினாள். கரட், இஞ்சி, வெங்காயம், வினாகிரி, சோயா சோஸ், எண்ணெய், சீனி. இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சாமான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடக்கிறது, மீதி வீட்டிலேயே இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயம் இருக்க, இதற்கு எதற்கு எட்டாயிரம் மைலுக்கு மேல் போக வேண்டும் என்று நினைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கரட்-இஞ்சி ட்ரெஸ்ஸிங் ஜப்பானை விட வட அமெரிக்காவில் இருக்கிற ஜப்பான் கடைகளில்தான் பேர் பெற்றது. 1964இல் நியூயோர்க்கில் தொடங்கிய பெனிஹானா மாதிரியான கடைகளில், இறைச்சி வருவதற்கு முதல் வைக்கிற சலட்டில் ஊற்றுவது இந்த வகையைத்தான். ஜப்பானில் சோயா சோஸும் வினாகிரியும் சேர்த்த ட்ரெஸ்ஸிங்குக்கு வாஃபு என்று பெயர். 'ஜப்பானிய முறை' என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள், நாங்கள் புட்டுக்கு 'யாழ்ப்பாண முறைப் புட்டு' என்று நம் வீட்டுக்குள் பெயர் வைப்போமா? பச்சை இலைச் சலட் அவர்களுக்கும் வெளியில் இருந்து வந்த சாமான். அதனால்தான் ஊற்றுகிற நீருக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டி வந்திருக்கிறது. ஆகவே 'அசல்' எது என்று கேட்டு நான் மண்டையை உடைக்கவில்லை. பிள்ளையின் நாக்கில் இருக்கிற ருசிதான் அசல்.

சரி, முதல்நாள் நடந்தது. செய்முறையில் 'எள்ளெண்ணெய்' என்று இருந்தது. எள்ளெண்ணெய் என்றால் நல்லெண்ணெய். செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் ஒரு போத்தல் வீட்டில் நிற்கிறது. இரண்டு மேசைக்கரண்டி தாராளமாக விட்டு அரைத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு மரியாதைக்கு மென்றது. அம்மா மணந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி மணக்குது" என்றார். பெரியபிள்ளையான நேரம் முட்டையும் நல்லெண்ணெயும் குடித்த அனுபவம் உள்ள பெண்கள் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பீர்கள். சரியாக அந்த மணம்தான்.

சம்பல் கட்சிக்காரரோடு என் சண்டை இங்கே தொடங்குகிறது. இரண்டும் எள்ளில் இருந்து வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. நாங்கள் எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் மணத்துக்கு விடுகிற எண்ணெய், எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிந்தது. கபில நிறம், கோப்பி மாதிரி ஒரு வாசம். நல்லெண்ணெயில் கத்தரிக்காய் பொரிக்கலாம், தலைக்கும் வைக்கலாம். அந்த வறுத்த எள்ளெண்ணெயைக் கடைசியில் அரைத் தேக்கரண்டிதான் விடுவார்கள், அதுவே சட்டி முழுக்க மணக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதென்று ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் விட்டால் சாமத்திய வீடுதான்.

ஆனால் போத்தல் கட்சிக்காரரே, அதற்காகச் சூட்கேசுக்குள் போத்தல் வைத்துச் சட்டை முழுக்க எண்ணெய் ஊற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டின ஊர் இது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்று வைக்கிற வித்தையை எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதற்குப் பதில் எதை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தநாள் அம்மாவே தாச்சியை அடுப்பில் வைத்தார். எள்ளுருண்டைக்கு வறுத்த கை அது. மெல்லிய நெருப்பு, கை நிற்காமல் கிண்ட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது, சும்மா ஈரம் போகும். பிறகு நாலைந்து எள்ளு படபடவென்று துள்ளும். அப்போது விரலால் ஒன்றை நசுக்கினால் பொடிய வேண்டும். அந்த நேரம் அடுப்பை நிறுத்தினால் போதாது, தாச்சியின் சூட்டிலேயே கருகிவிடும், உடனே சுளகில் கொட்ட வேண்டும். அரை நிமிசம் பிந்தினால் கைப்பு. அந்தக் கைப்பைச் சீனியாலும் மறைக்க முடியாது. ஆறின எள்ளை உரலில் இட்டு மாவாகாமல் ஒன்றிரண்டாக இடித்தோம். ஜப்பானில் இதற்கென்று உள்ளே கோடு கோடாகக் கீறின மண் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், சுரிபாச்சி என்று பெயர். எங்களுக்கு உரல் போதும்.

இடித்த எள்ளில் அரைக் கப் எடுத்து, ஒரு கப் நல்லெண்ணெயில் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கி, மூடி வைத்து, விடியத் துணியில் வடித்தேன். கடை எண்ணெயில் முக்கால்வாசி மணம் வந்துவிட்டது. மிச்சம் கால்வாசிக்கு வடித்த எள்ளிலேயே ஒரு கரண்டியை ட்ரெஸ்ஸிங்குக்குள் போட்டேன். நேர்மையாகச் சொன்னால் அந்தக் கரண்டிதான் காரியத்தைச் செய்தது.

இது மணத்துக்கு மட்டும். ட்ரெஸ்ஸிங்கின் உடம்புக்கு வேறு எண்ணெய் வேண்டும். இங்கே இரண்டாவது பிழை விட்டேன். தேங்காய் எண்ணெய் விட்டு அரைத்தேன். மேசையில் நன்றாகத்தான் இருந்தது. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே மெழுகுதிரி மாதிரி ஒரு பாளம். 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் மாதிரி மணமில்லாத ஒன்றுதான் சரி.

வினாகிரியும் பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிற செயற்கை வினாகிரி அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது, தொண்டையைக் குத்தும். கள்ளில் இருந்து எடுக்கிற தென்னை வினாகிரி அரிசி வினாகிரிக்குக் கிட்ட வரும். அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீரும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்தால் இன்னும் கிட்ட.

கடைசியில் நின்ற கணக்கு இது: நடுத்தரக் கரட் ஒன்று, சின்ன வெங்காயம் ஐந்து, தோல் சுரண்டின இஞ்சி பெருவிரல் நகத்தளவு இரண்டு துண்டு, வினாகிரி 3 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, சீனி 2 தேக்கரண்டி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, எள்ளு மணத்துக்கு அந்த வடித்த எண்ணெய் அரைத் தேக்கரண்டி, வடித்த எள்ளு ஒரு கரண்டி. எங்கள் வெங்காயத்துக்குக் காரம் கூட. வெட்டி, வினாகிரியில் பத்து நிமிசம் ஊறப்போட்டுவிட்டு அரையுங்கள், பச்சை வெடுக்கு போய்விடும். எண்ணெயை முதலே கொட்டாமல், மற்றதெல்லாம் அரைந்த பிறகு மெல்லிய நூலாக விட வேண்டும். கரட்டும் வெங்காயமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரியாது. ஒருநாள் அரைவாசியில் கரண்ட் போய் அம்மியில் அரைத்து முடித்தேன். அம்மியில் அரைத்தால் தனி ருசி என்று இங்கே எழுத வரவில்லை. இடுப்பு நொந்தது, ருசி அதேதான்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை, "சித்தி, நல்லா இருக்கு, ஆனா ஏதோ ஒண்டு குறையுது" என்றாள். குறைந்தது சீனியும் உப்பும். கடையில் சாப்பிடும்போது 'ஆரோக்கியமான சலட்' என்று நினைக்கிறோம். அதற்குள் இருக்கிற சீனியை வீட்டில் எங்கள் கையால் அள்ளிப் போடக் கை வருவதில்லை. ஒரு கரண்டி கூட்டிப் போட்டேன், ஒரு சிட்டிகை அஜினமோட்டோவும் போட்டேன். போட்டேன் என்றுதான் சொல்கிறேன், இனி என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். 1908இல் இக்கேடா என்ற ஜப்பானிய இரசாயனப் பேராசிரியர் கொம்பு என்கிற கடற்பாசியில் இருந்து பிரித்தெடுத்த அதே குளுட்டமேற்றுதான் தக்காளியிலும் சோயா சோஸிலும் இருக்கிறது. 1968இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த ஒரு வாசகர் கடிதத்தில் தொடங்கின பயம் இன்னும் போகவில்லை. பின்னேரத்தில் கொத்துரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களும் வீட்டில் இந்தப் பெயரைக் கேட்டால் காதைப் பொத்துகிறார்கள்.

எல்லாரும் விடுகிற இன்னொரு பிழை இலையில். போன மாதம் பட்டணத்தில் ஒரு கடையில் சலட் சாப்பிட்டேன். கோப்பையின் அடியில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது, ட்ரெஸ்ஸிங் முழுக்க அதற்குள். இலை ஈரமாக இருந்தால் எந்தச் சோஸும் ஒட்டாது. சலாது இலையைக் கழுவி, பழைய வேட்டித்துணியில் பரப்பி, சுருட்டி, பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். கெக்கரிக்காயை உப்புப் போட்டுப் பிழியுங்கள். சாப்பிடுகிற நேரம் மட்டும் ஊற்றுங்கள்.

தேர் முடிந்து, தீர்த்தமும் முடிந்து, கொடி இறங்கின பிறகு சமையலில் தாய்லாந்துப் பக்கம் போனோம். சோம் தாம், அதாவது பப்பாசிக்காய்ச் சலட். இங்கே சம்பல் கட்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். உரலில் உள்ளியும் மிளகாயும் இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டு, பனஞ்சீனி கரைக்கிறார்கள். இப்போது அங்கே தென்னைச் சீனியும் நிறையப் பாவிக்கிறார்கள் என்றாலும், பெச்சபுரி என்ற ஊர் பனஞ்சீனிக்குப் பேர் போனது. எங்கள் வேலியில் நிற்கிற அதே பனை. நான் பனையோலைக் குட்டானில் இருந்த பனங்கட்டியைச் சீவிப் போட்டேன். நிறம் கொஞ்சம் கறுத்தது, ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

மீன் சோஸுக்கு மட்டும் மாற்று இல்லை. நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற நீர் அது. மாசிக் கருவாட்டுத்தூள் போட்டுப் பார்த்தேன், மாசிச் சம்பல்தான் வந்தது. நல்ல சம்பல், ஆனால் நான் செய்யப் போனது அதுவல்ல. ஒரு போத்தல் வாங்குங்கள், உப்பு கூடினதால் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு பங்கு மீன் சோஸ், ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தேசிக்காய்ப் புளி, நாலு பங்கு வெந்நீர், நறுக்கின உள்ளி, மிளகாய். இது வியட்நாமின் நுவொக் சாம். அரைக்கவும் தேவையில்லை, எண்ணெயும் தேவையில்லை. ஒரு மாதிரிப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் லேசு, இதில் தொடங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு பாடு இல்லை. வீட்டில் செய்த எதையும் பிரிட்ஜில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பச்சை உள்ளி சேர்ந்ததை அதற்கும் முதலே முடியுங்கள்.

பிள்ளை முந்தநாள் திரும்பிப் போய்விட்டாள். கரட் ட்ரெஸ்ஸிங் அரைப் போத்தல் பிரிட்ஜில் மிஞ்சிக் கிடந்தது. நேற்று இரவு அம்மா அதை எடுத்துப் புட்டில் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவாயில்லை. ரெண்டு செத்தல் மிளகாய் போட்டிருக்கலாம்."

இண்டைக்குப் போட்டு அரைத்து வைத்திருக்கிறேன்.