வாடகைக்காரிக்கு என்ன பேச்சு?

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதுசாகக் கட்டுவது பற்றி நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோவை இதற்குள் தி.நகரில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஆமாம், மைக்கைப் பிடுங்குகிற இடத்தில் நீல சுடிதாரில் நிற்பது நான்தான். "எடிட் பண்ணிப் போட்டிருக்காங்க" என்று குரூப்பில் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார்கள். முழுசாகப் போட்டிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மூலை வீடும் அதற்குப் பின்னால் இருக்கும் எங்கள் மூன்று மாடிக் கட்டடமும் சேர்ந்து பதினாலு மாடி ஆகப் போகிறது. வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. இடிப்பதற்கு முன்னால் இங்கே வாடகைக்கு இருக்கிறவர்களிடம் யாராவது பேசுவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மேடம், இது ஓனர்ஸ் முடிவு பண்ற விஷயம். அடுத்த வருஷம் நீங்க எங்க இருப்பீங்களோ!" என்று பதில் வந்தது. கை தட்டினார்கள். அன்றைக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து கை தட்டியது அந்த ஒரு தடவைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உயரமான கட்டடத்துக்கு நான் எதிரி இல்லை. 1959இல் மவுண்ட் ரோட்டில் எல்ஐசி எழும்பியபோது அதுவும் பதினாலு மாடிதான். என் தாத்தா மெட்ராஸ் வந்தால் அதை அண்ணாந்து பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார். "அந்தக் காலத்துத் தி.நகரைக் காப்பாத்துங்க" என்று அன்று தழுதழுத்த பெரியவரிடமும் எனக்குப் பெரிய ஒட்டுதல் கிடையாது. எந்தக் காலத்துத் தி.நகர், சார்? 1920களில் லாங் டேங்க் என்கிற ஏரியை வற்றவைத்து, மனை போட்டு விற்று உண்டாக்கிய ஊர் இது. ஒவ்வொரு மழைக்கும் அந்த ஏரி வந்து பழைய விலாசத்தைத் தேடுகிறது. ஆகவே அழகு, பாரம்பரியம் எல்லாம் என் கேள்வி இல்லை. இங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மணி நேரம் என்ன பேசினார்கள் தெரியுமா? கணக்கு. அதை நான் குறை சொல்லவில்லை, என் பிழைப்பும் கணக்கு எழுதுவதுதான். 2019இல் வந்த புதிய கட்டட விதிகளுக்கு முன்னால் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற அளவு, 1.5, அதற்குப் பிறகு 2. உயர்மாடிக் கட்டடம் என்றால், முன்னால் போதுமான அகலத்தில் ரோடு இருக்கும்பட்சத்தில் 3.25. அதற்கும் மேல் காசு கட்டி வாங்கிக்கொள்ள பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று ஒன்று. இரண்டு இடமும் சேர்ந்து ஐந்து கிரவுண்ட், அதாவது 12,000 சதுர அடி. பழைய கணக்கில் 18,000 சதுர அடி கட்டலாம். இப்போது 39,000, பிரீமியம் தனி. எங்கள் கட்டடம் நிற்கிற சந்தில் இதற்கு வழியே இல்லை. மூலை வீடு அகலமான ரோட்டைத் தொடுகிறது, அதற்காகத்தான் இந்தத் திடீர் அண்ணன் தம்பி உறவு. வேண்டும் என்கிறவர் தன் யூடிஎஸ்ஸுக்கு, அதாவது மனையில் தனக்கு இருக்கிற பிரிக்காத பங்குக்கு, எத்தனை சதுர அடி வரும் என்று பேசினார். வேண்டாம் என்கிறவர் இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் மெட்ரோ வந்துவிடும், ரேட் ஏறும், அப்புறம் கொடுக்கலாம் என்று பேசினார். எதிர்ப்பு என்று நீங்கள் நினைத்தது இதைத்தான்.

2022ஆம் வருஷத்து அடுக்ககச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம். நல்ல சட்டம்தான். ஒருத்தர் முரண்டு பிடித்தால் மற்றவர்கள் எல்லாரும் கம்பி தெரிகிற கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்த காலம் இருந்தது. ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கில் நான் இல்லை. மிச்சம் ஒரு பங்கிலும் நான் இல்லை. பன்னிரண்டு வீட்டில் நான்கில்தான் ஓனர் குடியிருக்கிறார். பாக்கி எட்டு வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிற நாங்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டோம்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஜி.என். செட்டி ரோடு, பசுல்லா ரோடெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததே. எங்கள் சம்ப், அதான் தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியைத் தூக்கினால் சாக்கடை வாடை குப்பென்று அடிக்கிறது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம், அதில் ஒரு ஷாம்பு பாக்கெட் மிதக்கிறது. கரன்ட் கிடையாது. டீசல் மோட்டார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து இறைத்தோம். கீழ் வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டாவது மாடி ஐடி பையன்கள் இரண்டு பேர், நான். அடியில் தங்கின சேற்றை எடுக்க ஒரு பையன் ஷார்ட்ஸோடு உள்ளே இறங்கினான். நான் மேலே படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை கழுவி, ஒன்பதாயிரம் லிட்டர் லாரிக்கு போன் மேல் போன் போட்டு, அது தெருமுனையில் தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று நிற்க, டிரைவரிடம் கெஞ்சி... சரி, விடுங்கள். அத்தனை பேரும் வாடகைக்காரர்கள். ஓனர்ஸ் குரூப்பிலிருந்து ஒரு கும்பிடு கை வந்தது, "ஸ்டே சேஃப்" என்று. செலவை மெயின்டெனன்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் என்னை அடுத்த வருஷம் எங்கே இருப்பாய் என்று கேட்கவில்லை.

இப்போது கமென்ட்டில் என்னென்ன வரும் என்று தெரியும். "சொத்து அவங்களது, உனக்கென்ன?" சொத்தில் நான் பங்கு கேட்டேனா? வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். பேசுவீர்களா என்றுதான் கேட்டேன். எப்போது காலி பண்ண வேண்டும், அட்வான்ஸ் எப்போது கைக்கு வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் பொறுப்பீர்களா, இவ்வளவுதான் கேட்க வந்தது. மும்பையில் செஸ் என்கிற பழுதுபார்ப்பு வரி கட்டுகிற பழைய கட்டடங்களை இடித்துக் கட்டினால், 33(7) விதிப்படி அங்கே இருக்கும் வாடகைதாரருக்குப் புதுக் கட்டடத்திலேயே வீடு கொடுக்க வேண்டும். அது பழைய வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்துச் சங்கதி, இங்கே பொருந்தாது என்பீர்கள். தெரியும். நான் வீடு கேட்கவில்லை. ஆறு மாசம் முன்னால் ஒரு வார்த்தை கேட்கிறேன்.

"சொத்து வரி கட்டுறது நாங்க." எந்தப் பணத்திலிருந்து கட்டுகிறீர்கள்?

"வாடகை ஏறிடும்னு பயம், அதான்." ஆமாம், பயம்தான். அதில் என்ன வெட்கம்? உங்களுக்கு ரேட் இறங்கிவிடும் என்ற பயம் இருக்கலாம், எனக்கு வாடகை ஏறிவிடும் என்ற பயம் இருக்கக் கூடாதா?

கொஞ்சம் படித்தவர்கள், வீடுகள் அதிகமானால் வாடகை தானாகக் குறையும், நீங்கள்தான் முதலில் ஆதரிக்க வேண்டும் என்பார்கள். ஊர் முழுக்கப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எங்கள் பன்னிரண்டு வீட்டையும் மூலை வீட்டையும் இடித்துவிட்டு வரப்போவது கோடிக்கணக்கில் விலை சொல்கிற மூன்று பெட்ரூம் வீடுகள். மாடிக்கு இரண்டே வீடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார். பில்டரின் வரைபடத்தில் கீழே வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாயோடு நடக்கிறது. அந்தக் குடும்பம் என் வாடகையைக் குறைக்க வந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வேப்பமரத்தடியில் இப்போது இஸ்திரி வண்டி நிற்கிறது. வரைபடத்தில் இல்லை. அண்ணனிடம் கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. "நமக்கு யாரு சொல்வாங்க, இடிக்கிற சத்தம் கேட்டா தெரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்று பெட்டியில் கரியைக் கிளறினார்.

சட்டம் இருக்கிறதே என்றும் ஒருவர் சொன்னார். இருக்கிறது. 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்து. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு சென்னையில் பத்து மாசம் வாங்குகிறார்கள். இடித்துக் கட்ட வேண்டும் என்றால் காலி பண்ணச் சொல்லவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. விதியை மீறிக் கட்டியவர்களிடம்தான் இந்த ஊருக்கு எத்தனை பொறுமை! நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, அப்புறம் 113-சி என்று தனித்தனியாகப் பிரிவு சேர்த்து, 2007 ஜூலைக்கு முன்னால் கட்டியதா, வாருங்கள், பணம் கட்டினால் வரன்முறை செய்துதருகிறோம் என்று கூப்பிட்டார்கள். தூண் எழுப்பி மாடி கட்டினவருக்கு வருஷக்கணக்கில் அவகாசம். ஒழுங்காக ஐந்தாம் தேதி வாடகை போடுகிறவளுக்கு ஒரு மாச நோட்டீஸ்.

எல்லா அனுமதியும் வாங்கித்தான் கட்டுவோம் என்று பில்டர் பக்கத்து ஆள் திரும்பத் திரும்பச் சொன்னார். 2014இல் மவுலிவாக்கத்தில் விழுந்த பதினோரு மாடிக்கும் அனுமதி இருந்தது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலிக்காரர்கள். சம்பந்தம் இல்லாமல் பேசுகிறேன் என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. கட்டடத்தில் பெயர் இல்லாதவர்கள் தலையில்தான் எல்லாம் வந்து விழுகிறது.

கடைசியாக "மேடம், தாம்பரம் தாண்டினா இதே வாடகைக்கு நல்ல வீடு கிடைக்கும்" என்று அக்கறையாக எழுதியவருக்கு. ஐயா, வீடு தேடுவது எனக்குப் புதுசு இல்லை. தனியாகவா இருப்பீங்க, வெஜ்ஜா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, சுவரில் ஆணி அடிப்பீங்களா என்று ஒவ்வொரு வாசலிலும் பரீட்சை எழுதித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ், இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். தாம்பரம் தாண்டினால் அம்மாவை நீங்கள் வந்து கூட்டிப்போவீர்களா? இந்த வார்டில் ஓட்டுப் போடுகிறேன். 2022இல் வார்டுக்குள் குடியிருக்கிறவர்களைக் கூட்டிப் பேச ஏரியா சபை என்று விதி கொண்டுவந்தபோது, அடடா, நம்மையும் கூப்பிடுவார்கள் என்று நம்பிய அப்பாவிகளில் நானும் ஒருத்தி. ஓட்டுக் கேட்க வருகிறவர் ஓனரா டெனன்டா என்று பார்த்துக் கும்பிடுவதில்லை. தெருக் கூட்டத்தில் மட்டும் கையெழுத்துத் தாளை என் கைக்கு வராமல் தலைக்கு மேலே அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள்.

ஆரம்பத்தில் உயரத்துக்கு எதிரி இல்லை என்று எழுதினேன். இவ்வளவு எழுதிய பிறகு அப்படித் தோன்றவில்லை. சரி, எதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காமல் கட்டுகிற பதினாலு மாடியை நான் எதற்கு ஆதரிக்க வேண்டும்? கட்டப் போவது நாலு மாடி என்றாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

"வாடகைக்காரிக்கு இவ்வளவு வாயா" என்று எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள், அழிக்க மாட்டேன். இன்னொன்று, அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நேற்று ராத்திரி என்னை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.