சாமி முன்னாடி என்னடி வெட்கம்

போன பிரதோஷத்தன்று ராத்திரி, எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ஏதோ ஒரு சிவன் கோயில். நந்திக்குப் பால் அபிஷேகம் நடக்கிறது. கூட்டத்துக்கு நடுவே ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி, வாய்விட்டு அழுதுகொண்டே பாடுகிறார். சுருதி இல்லை. குரல் நடுநடுவே உடைகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் விலகி நிற்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. மொத்தமே இருபது விநாடி இருக்கும். கடைசியில், படம் எடுத்தவர் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "ஓவர் ஆக்டிங்" என்று ஒருவர். "பக்தி முத்திடுச்சு" என்று இன்னொருவர்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் அத்தை அப்படித்தான் பாடுவாள்.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். இருபத்தாறு வயதில் தாலி இழந்தவள். பிள்ளை கிடையாது. விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதற்குள் ஒரு ஜோடி பித்தளைத் தாளம், நேரே அம்மையார் கோயிலுக்குப் போய்விடுவாள். அந்தத் தாளத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அவள் தட்ட ஆரம்பித்தால், பிரகாரத்தின் அடுத்த முனையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். பண் தெரியாது, ராகம் தெரியாது. பாட்டு மட்டும் மனப்பாடம்.

ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: காரைக்கால் அம்மையார் வாழ்க்கையையே ஊர் திருவிழாவாக நடத்தும். மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதிக்கும் (அம்மையாரின் இயற்பெயர் அது) பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம், அடுத்து பிச்சாண்டவர் வீதி உலா. பவளக்கால் சப்பரத்தில் சாமி வரும்போது இரண்டு பக்கமும் வீட்டு வாசலிலிருந்தும் மாடியிலிருந்தும் மாங்கனியை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் அதைப் பிரசாதமாகப் பிடிக்கும். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். தெரு முழுக்கப் பழுத்த மாம்பழ வாசனை, மிதிபட்ட பழத்தின் பிசுக்கு, வேர்வை, சாம்பிராணி.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம். சப்பரம் எங்கள் பக்கம் திரும்புகிறது. அத்தை தாளத்தை எடுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, நடுத்தெருவில் நின்று பாடுகிறாள். கண்ணீர் தாடையில் வழிந்து ரவிக்கை நனைகிறது. எதிர் மாடியில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி இன்னொருத்தியை இடிக்கிறாள், மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அத்தை ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள் என்றால் விடுவித்துக்கொள்வது கஷ்டமாக இருந்திருக்கும். அவளுக்கு இரண்டு கையும் தாளத்துக்கு வேண்டியிருந்தது. அதனால் நான் மெல்லப் பின்னால் நகர்ந்து, யாரோ ஒரு பெரியவரின் முதுகுக்குப் பின்னே நின்றுகொண்டேன். இவள் யாரோ, நான் யாரோ என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "ஏன் அத்தை இப்படிக் கத்துற? எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவள் கோபப்படவில்லை. மடியில் பிடித்துவைத்திருந்த ஒரே ஒரு மாம்பழத்தை அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "சாமி முன்னாடி என்னடி வெட்கம்? அவரு பாக்காததையா இவங்க பாத்துடப் போறாங்க?"

அப்போது எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை.

அத்தைக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் தினமும் யார் முன்னால் போய் நின்றாள் என்று பார்த்தாலே போதும். புருஷன் கேட்ட மாம்பழத்தைச் சிவனை வேண்டி வரவழைத்த கதையோடு அம்மையாரை நாம் நிறுத்திவிடுகிறோம். அதற்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. பயந்துபோன புருஷன் கடல் வாணிபத்துக்கென்று கிளம்பி, பாண்டிய நாட்டில் இன்னொரு பெண்ணைக் கட்டிக் குடும்பம் நடத்துகிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். சொந்தக்காரர்கள் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவனோ மனைவி, மகளோடு வந்து அவர் காலில் விழுகிறான். இவர் மானிடப் பெண் அல்ல, தெய்வம் என்கிறான். ஊர், உறவு எல்லாம் சுற்றி நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூனிக் குறுகிப் போயிருக்கும்! அம்மையார் சிவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையை எடுத்துவிடு, உன்னைச் சுற்றி நிற்கும் பேய் வடிவம் எனக்குக் கொடு.

இளமையும் அழகும் இருந்த பெண், ஊர் மெச்சிய அத்தனையையும் உதறிவிட்டு எலும்புக்கூடாக நடந்து போகிறார். வழியில் பார்த்தவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள். அப்போது அவர் நினைத்ததாகச் சேக்கிழார் எழுதுகிற ஒரு வரி உண்டு. அண்டநாயகனுக்கு என்னைத் தெரிந்தால் போதும், உண்மை அறியாத இந்த எட்டுத் திசை மக்களுக்கு நான் எந்த உருவத்தில் தெரிந்தால்தான் என்ன? அத்தை மாம்பழம் நறுக்கிக்கொண்டே சொன்னதும் இதுதானே. பெரியபுராணத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தவள்கூட இல்லை, கோயிலில் சொல்லக் கேட்டவள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிகம் முடிக்கும்போது அம்மையார் தன் பெயரைக் "காரைக்கால் பேய்" என்று வைக்கிறார். யாரோ பழித்துச் சொல்லும் முன்பே அந்தச் சொல்லைத் தன் பெயராக எடுத்துக்கொண்ட பிறகு, யார் என்ன சொல்லி அவரைக் குத்த முடியும்? சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவரைப் பாருங்கள். விலா எலும்பு எண்ணிவிடலாம். கையில் தாளம். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்த நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். சென்னையில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் விபூதி பூசிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கி அலுவலக வாசலுக்கு நடக்கிற அந்த இருநூறு அடியில், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிடுவேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஒருவர் "என்னங்க, நேரா கோயில்லேர்ந்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதினோரு வருஷம் துடைத்தேன். சாயங்காலம் கைக்குட்டையைத் துவைக்கும்போது தண்ணீரில் சாம்பல் கரையும். அதைப் பார்க்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள்.

கோயிலுக்குப் போனாலும் அதே கதைதான். கண்ணை மூடினால் சாமி வருவதில்லை, பக்கத்தில் நிற்பவர்தான் வருவார். பாட வாய் வரும், யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று உதட்டோடு நிற்கும். அழுகை வரும், தூசு விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொள்வேன். சந்நிதியில் நின்றபடியே மனிதர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

"மனசுக்குள்ள கும்பிட்டா பத்தாதா, ஏன் நாலு பேர் பார்க்க அழணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். மனசுக்குள் கும்பிட்டவருக்குப் பூசலாரைவிட யாரைக் காட்ட முடியும்? திருநின்றவூரில் கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ ராஜாவின் கனவில் வந்து, உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளிவை, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று சிவபெருமான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அப்படி ஒரு கோயில் இருப்பது தெரியாது. அவருக்கும் யார் பார்வையும் தேவைப்படவில்லை, சத்தமாகப் பாடும் அத்தைக்கும் தேவைப்படவில்லை. அமைதியாகக் கும்பிடுவது அவரவர் இயல்பு. பயந்து அமைதியாக இருப்பது வேறு. நான் பூசலாராக இருக்கவில்லை, பயந்தவளாகத்தான் இருந்தேன். இந்த இரண்டையும் நானே பல வருஷம் குழப்பிக்கொண்டேன்.

அதே மாதிரி, பிறர் பார்க்க வேண்டும் என்றே கும்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடுவதை மூன்று தடவை மறுபடி எடுக்கச் சொன்ன ஒரு குடும்பத்தைப் போன மாதம் பார்த்தேன். அவர்கள் மீது எனக்கு வருத்தம்தான். விபூதியைத் துடைத்த எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பேருமே சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கிறோம். திருச்செந்தூர் கோயில் வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னபோது ரொம்பப் பேர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அழுகிற ஒருத்திக்கு, தன்னை யாரும் படம் எடுக்கவில்லை என்ற நிம்மதி வேண்டாமா? அந்தத் தடை எல்லாக் கோயிலிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், எங்கள் குழுவுக்கு வந்த வீடியோவே சாட்சி.

இதை எழுதும்போது நந்தனாரும் மனசில் வந்து நிற்கிறார். ஆதனூர்க்காரர். திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டிய நிலை. நந்தி விலகியதால்தான் அவருக்குத் தரிசனம் கிடைத்தது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு வெறும் கூச்சம் இல்லை, பூட்டிய கதவு. மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை எத்தனை தலைமுறை அந்த வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டிருக்கும்! இன்றும் எல்லா ஊரிலும் எல்லாக் கதவும் திறந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். கதவு திறந்தே இருக்கிற எனக்கு, ஒரு சிரிப்புக்குப் பயந்து உள்ளே போய் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க என்ன நியாயம் இருக்கிறது?

குழுவில் அந்த வீடியோ போட்ட தம்பிக்குத் தனியாக எழுதினேன். "அது நம்ம அத்தையா இருந்தா போட்டிருப்பியா?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் "சும்மா ஜாலிக்குத்தான் அக்கா" என்றான். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டான். அவன் அத்தை மடியில் வளர்ந்தவன்.

அத்தை போய் ஏழு வருஷம் ஆகிறது. அவளுடைய தாளம் என்னிடம்தான் இருக்கிறது. கயிறு நைந்துபோய்ப் பீரோவில் கிடந்தது. அந்த வீடியோ வந்த மறுநாள் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, புதுக் கயிறு கோத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அரக்கோணம் ரயில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ. அம்மையார் தலையால் நடந்த மண் என்று சம்பந்தரே கால்வைக்கத் தயங்கிய ஊர். இரத்தின சபையில் ஐயன் காலைத் தூக்கி ஆட, அவர் அடிக்கீழ் அம்மையார் பாடிக்கொண்டிருக்கிறார். கேட்டு வாங்கிய இடம் அது.

நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. எனக்கு முன்னால் ஒரு புதுமணத் தம்பதி, பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன். பையிலிருந்து தாளத்தை எடுத்தேன். கை நடுங்கியது. முதல் தட்டுக்கே பையன் திரும்பிப் பார்த்தான். எனக்குக் காது மடல் சுட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அத்தை பாடுகிற அதே பதிகம், அவளைப் போலவே சுருதி இல்லாமல். இரண்டாவது பாட்டில் குரல் உடைந்தது. அப்புறம் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது தீபாராதனை முடிந்து கற்பூரம் அணைந்திருந்தது. நான் பார்க்கவே இல்லை. குருக்கள் தட்டோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தார். "இருங்கம்மா" என்று சொல்லி, இன்னொரு வில்லையை எடுத்து வைத்து ஏற்றினார்.