இருமினால் மாரடைப்பு நிற்காது
தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், பலமாக இருமிக்கொண்டே இருந்து பிழைத்துவிடலாம் என்று ஒருவர் இணையத்தில் பகிர்ந்திருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இது அவ்வப்போது சுற்றும். ஆனால் தகவல் சரியில்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அந்த அடைப்பை இருமல் நீக்காது. ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்ப் பரிசோதனை) அறையில், மானிட்டரில் துடிப்பு திடீரெனத் தடுமாறுவதைப் பார்த்து மருத்துவர் சில நொடிகள் இருமச் சொல்வதுண்டு. அது துடிப்புத் தடுமாற்றத்துக்காக மருத்துவர் கண்ணெதிரே செய்வது, மாரடைப்புக்கு அல்ல. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் தளங்களில் ‘காஃப் சிபிஆர்’ (இருமியே உயிரைக் காப்பது என்ற இந்த முறையின் பெயர்) என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். இரண்டுமே இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால், இருமிக்கொண்டு நேரத்தை விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.