திருப்பலியில் நாம் கவனிக்காமல் விடும் இரண்டாவது வேண்டுதல்

கத்தோலிக்கத் திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வழங்கப்படும் அப்பமாகிய நற்கருணையை நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா என்ற வாக்குவாதம் கொரோனா காலத்துக்குப் பிறகு நம் பங்கு ஆலயங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பிலும் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் இவ்வளவு பேசியும், அந்த அப்பம் எதற்காக நமக்குத் தரப்படுகிறது என்ற கேள்வியை யாரும் எழுப்பாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

திருப்பலியின் மையத்தில் குருவானவர் சொல்லும் நீண்ட செபங்களில் ஒன்றான ‘இரண்டாம் நற்கருணை மன்றாட்டை’ச் சற்றுக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். குருவானவர் அப்பத்தின் மீதும் இரசத்தின் மீதும் கைகளை விரித்து, இவை கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறும்படி தூய ஆவியாரை வேண்டுகிறார். மணி ஒலிக்கிறது, நாம் தலைவணங்குகிறோம். அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்த சிறிது நேரத்தில் இன்னொரு வேண்டுதல் வருகிறது: இந்த உடலிலும் இரத்தத்திலும் பங்குகொள்ளும் நாங்கள் தூய ஆவியாரால் ஒன்றாகக் கூட்டிச் சேர்க்கப்பட வேண்டும். அதற்குள் பீடச்சிறுவர் மணியைக் கீழே வைத்துவிட்டிருப்பார். நம் கவனமும் கலைந்திருக்கும். முதலில் அப்பம் மாற வேண்டுகிறோம், பிறகு அதை உண்பவர்கள் மாற வேண்டுகிறோம். முதல் மாற்றத்தை முழுமனத்தோடு நம்பும் நாம் இரண்டாவதை ஏதோ சடங்குச் சொல்லாகக் கடந்துபோகிறோம் என்பதே என் வருத்தம்.

முதல் மாற்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தோற்றத்தில் அப்பமும் இரசமுமாக இருப்பவை உட்பொருளில் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாகின்றன என்று 1551-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம் உறுதியாக அறிக்கையிட்டது. அதுவே என் விசுவாசமும். நற்கருணை வைக்கப்படும் பேழைக்கு முன் முழந்தாளிடுவது அந்த விசுவாசத்தின் இயல்பான வெளிப்பாடு.

ஆனால் இயேசு நற்கருணையை ஏற்படுத்தியதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று எங்கே இருக்கிறது? நற்செய்திகளுக்கும் முன்பே திருத்தூதர் பவுல் எழுதிய, கொரிந்தியருக்கான முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில், ஒரு கண்டிப்புக்கு நடுவில் இருக்கிறது. ஆண்டவரின் விருந்துக்கென்று கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து மயங்க, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று சொல்லிவிட்டுத்தான், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் நடந்ததைப் பவுல் நினைவுபடுத்துகிறார். அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே, அப்பம் ஒன்றே ஆகையால் பலராகிய நாமும் ஒரே உடலாக இருக்கிறோம் என்று எழுதியவர் அவர். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், பீடத்தின் மேல் வைக்கப்பட்டிருப்பது உங்கள் மறைபொருளே, அதாவது கிறிஸ்துவின் உடலாகிய நீங்களே என்று பழங்கால ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான்.

இதைத் தமிழ் மண்ணில் பேசும்போது நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தைத் தவிர்க்க முடியாது. அவ்வூர்த் திருக்குடும்ப ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு பகுதிகள் கட்டப்பட்டு, இரு சாதியார் ஒருவரையொருவர் பாராதபடி நடுவில் சுவர் நின்றது. பீடம் ஒன்று, பலி ஒன்று, அப்பம் ஒன்று. உண்டவர்கள் மட்டும் இரண்டாகவே வீடு திரும்பினார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை அகற்றியபோது, எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். அவர்களும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். (பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்க வருபவர்கள், சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வரட்டும்.)

எனவே நாவிலா, கையிலா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. இரண்டையும் திருச்சபை அனுமதித்திருக்கிறது, விருப்பம்போல் வாங்குங்கள். அதே வரிசையில் உங்களுக்கு முன்னால் நற்கருணை வாங்கிய மனிதரின் வீட்டில் உங்களால் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, உங்கள் வீட்டுப் பெண்ணை அந்த வீட்டில் கொடுப்பீர்களா என்ற விவாதத்தை அடுத்த வாரம் அதே குழுவில் தொடங்குங்கள், நானும் கலந்துகொள்கிறேன்.