ஈ-டைப்புக்கு 65: அழகைப் பேசியது போதும், விலையைப் பேசுவோம்

1961 மார்ச் 15 அன்று ஜாகுவார் நிறுவனம் ஈ-டைப் காரை ஜெனீவாவில் உலகுக்குக் காட்டியது; இந்த ஆண்டோடு 65 ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய ஆண்டு நிறைவுகளில் எல்லோரும் அதன் அழகையே பாடுவார்கள், ஃபெராரி கார் நிறுவனர் என்ஸோ ஃபெராரியே இதை உலகின் மிக அழகான கார் என்றாராம் என்ற செவிவழிக் கதையும் தவறாமல் வந்துவிடும். அழகில் எனக்கும் மறுப்பில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் நீல நிற ஈ-டைப் ஒன்றைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது நியாயமே. ஆனாலும் முதலில் கொண்டாட வேண்டியது அதன் விலையைத்தான் என்பேன்.

அறிமுகமானபோது பிரிட்டனில் அதன் விலை வரி உட்பட சுமார் 2,100 பவுண்டு. அன்றைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்க ஏறக்குறைய இரு மடங்கு பணம் வேண்டும். 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், 265 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என்று அத்தனையையும் அந்த விலைக்குள் தர முடிந்ததற்குக் காரணம், நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் இருப்பதை வைத்துப் புதியதைச் செய்யத் தெரிந்தவர் என்பதே. என்ஜின் 1948 முதலே ஜாகுவாரில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்கே. உடற்கட்டமைப்போ 1955 முதல் 1957 வரை பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற ஜாகுவாரின் பந்தயக் காரான டி-டைப்பின் வழியில் வந்தது. விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் கணக்குப் போட்டே வளைவுகளை வரைந்ததால், எல்லோரும் வியக்கும் அந்த அழகு காற்றைக் கிழிக்கப் போட்ட கணக்கின் உபரி வரவு என்றுகூடச் சொல்லலாம்.

பானெட்டைத் திறந்தால் மூக்கும் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் சக்கரத்தின் அருகிலேயே நின்று என்ஜினைத் தொடலாம். பின்பக்கம் அப்படியில்லை. பின் பிரேக்குகள் சக்கரங்களில் இல்லாமல் நடுவே, என்ஜின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்திருப்பதால், சக்கரத்தின் பாரம் குறைந்து கார் மேடுபள்ளங்களில் நிதானமாகச் செல்லும், ஆனால் பழுது பார்க்கிறவர் படாத பாடு படுவார். குறைகள் வேறும் உண்டு. ஆரம்பகால இருக்கைகளில் நெடுநேரம் உட்கார முடியாது. கியரை உரசலின்றி மாற்ற உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லை. விளம்பரப்படுத்திய மணிக்கு 150 மைல் வேகம் பத்திரிகைகளுக்கென்று தனியாகத் தயார் செய்த கார்களுக்கே வாய்த்தது. 1964-இல் வந்த 4.2 லிட்டர் வகையில் இருக்கையும் கியர்பாக்ஸும் சரியாயின.

2021-இல் 60-ஆம் ஆண்டை ஜாகுவார் கொண்டாடிய விதம் எனக்கு உவப்பாக இல்லை. ஜெனீவா அறிமுகத்துக்காகக் ஜாகுவார் தொழிற்சாலை இருந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வரப்பட்ட இரண்டு கார்களின் நினைவாக, பழைய ஈ-டைப்புகளைப் புதுப்பித்து ஆறு ஜோடிகள் மட்டுமே விற்றார்கள். அதுவும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். பணக்காரர்களின் கார்களை விலையால் வெட்கப்பட வைத்த ஒரு காருக்கு இது பொருந்தாத மரியாதை. ஒரு பொது இடத்தில், ஜாகுவார் பொறியாளர் பாப் நைட் வடிவமைத்த ஈ-டைப்பின் பின் சஸ்பென்ஷனை, அதாவது பின்சக்கரங்களைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பை, கழற்றி வைத்து, அது எப்படி ஏறி இறங்குகிறது என்று எவரும் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கலாம். ஈ-டைப்புக்கென்று வந்த அந்த அமைப்பை, சிற்சில மாற்றங்களோடு, 1996-இல் எக்ஸ்ஜேஎஸ் காரின் தயாரிப்பு நிற்கும் வரை ஜாகுவார் விடவில்லை.